கழுத்து உடம்போடு சேர்ந்து வளர்வதில்லை

பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் மகனுக்கு,

வரும் திங்கட்கிழமை நீ மலைக்குப் போகிறாய். மூன்று மாதம் அந்த முகாமில் தங்கி, வாழ்வின் பொருள் என்ன என்று கற்றுக்கொண்டு, பிறகு அதை மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் வழிகாட்டியாகத் திரும்பி வரப்போவதாகச் சொன்னாய். பதினாறு வருடம் பேட்டர்ன் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, என் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "ஒரு பனியனால உலகத்துக்கு என்னங்கம்மா ஆகப்போகுது? இனியாச்சும் மனுசங்களுக்கு ஏதாச்சும் பண்ணோணும்" என்றாய். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அது சம்மதம் அல்ல, எரிச்சல். இந்த ஒரு மாதத்தில் அது கொஞ்சமும் தணியவில்லை என்பதால் எழுதுகிறேன். பொதுவில், நாளிதழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உன் போனுக்கு அனுப்பினால் முதல் வரியோடு நிறுத்திவிட்டு, கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பி முடித்துக்கொள்வாய். தெரிந்தவர்கள் நாலு பேர் படித்துவிட்டு "உங்கம்மா என்னமோ எழுதியிருக்காங்களே" என்று உன்னைக் கேட்டால், கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் என் பக்கத்துத் தவறைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உன்னைத் திட்டுவது நியாயமாக இருக்காது. நான் கணிதத்தில் முதுகலை படித்தவள், பெண்கள் கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியவள் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. உன்னைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்தேன். நீ இரண்டாம் வருடத்தில் வெளியே வந்து, ஒரு கட்டிங் மாஸ்டரிடம் போய் நின்றாய். என்னோடு வேலை பார்த்த ஆசிரியைகள் மகன் என்ன செய்கிறான் என்று கேட்டபோதெல்லாம், "கார்மெண்ட்ஸ்ல இருக்கான்" என்று பொதுவாகச் சொல்லி, பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிடுவேன். நீ பிரவுன் பேப்பரில் ஒரு கோடு வரைந்தால் அந்தக் கோட்டின் மேல்தான் ஊரில் ஆயிரக்கணக்கான பனியன்களுக்குத் துணி வெட்டப்படுகிறது, அந்தக் கோடு கால் அங்குலம் தவறினால் எங்கோ ஒருவருக்கு அக்குள் பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள நான் அக்கறை காட்டியதே இல்லை.

எட்டு வருடம் முன்னால் ஒரு நாள், சாப்பிட உட்கார்ந்ததும் நீயாகவே ஒன்று சொன்னாய். கைக்குழந்தைகளுக்கான பனியன் ஒன்று. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுத்த பையர் சொன்ன அளவுப்படியே கழுத்து வைத்து, சாம்பிளுக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. பீஸை மேசையில் விரித்து அளந்தால் எல்லா அளவும் சரி. குழந்தையின் தலை மட்டும் அந்தக் கழுத்தில் நுழையாது. பையரோடு பேசும் மெர்ச்சன்டைசர், "அப்ரூவல் வந்துருச்சுங்க மாஸ்டர், கட்டிங் விடுங்க, நமக்கெதுக்கு" என்றாராம். நீ கட்டிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக ஒட்டியிருந்த லைன் வீடுகளுக்குப் போய், ஒரு தாயிடம் கேட்டு, அவள் குழந்தையின் தலையை அளந்து வந்திருக்கிறாய். "அந்தப் பாப்பா டேப்பப் புடுங்கி வாயில வெச்சுக்குச்சுங்கம்மா, பாதி அளவு எச்சில்லதான் எடுத்தேன்" என்று சிரித்தாய். உன் முகம் அப்படி இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "சொன்னதைச் செய்யத்தானே சம்பளம் தர்றாங்க. உனக்கெதுக்குடா வம்பு?" என்றேன். நீ, "மோர் ஊத்துங்க" என்றாய். அதற்குப் பிறகு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உன் வேலையைப் பற்றி நீ பேசியதே இல்லை. பனியனால் உலகத்துக்கு என்ன ஆகும் என்று இன்று நீ கேட்கிறாய். முகம் தெரியாத குழந்தைகள் சில ஆயிரம் பேர், தலை மாட்டிக்கொண்டு அழாமல் உடுத்திக்கொண்டார்கள். அது ஆயிற்று. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லாமல் விட்டுவிட்டேன். உன் வேலையில் பொருள் இல்லை என்று உனக்கு முதலில் கற்பித்தது எந்த பையரும் அல்ல என்பதை நான் மறுக்கப்போவதில்லை.

அடுத்தது உன் அப்பாவின் பனியன். பள்ளிப் பிள்ளைகளைக் கையைத் தூக்கு, இறக்கு என்று விசில் அடித்து வாழ்ந்த மனிதருக்கு வாதம் வந்து இடது கை தொங்கிவிட்டது. சட்டை போட்டுவிட நான் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நீ மூன்று நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாய். கையில் டேப் இல்லை, பேப்பர் இல்லை. அவர் ஒற்றைக் கையால் பனியனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "என்னடா உக்காந்து பாத்துட்டே இருக்கற? இங்கென்ன படமா ஓட்டறாங்க?" என்று குழறிக் குழறித் திட்டினார். நான்காம் நாள் ஒரு பனியனோடு வந்தாய். கழுத்திலிருந்து அக்குள் வரைக்கும் சாய்வாகத் திறந்து, மூன்று பிரஸ் பட்டன் வைத்து, வலது கையால் மார்பெலும்பின் மேலேயே அழுத்தி மாட்டிக்கொள்ளும்படி இருந்தது. வராத கையை முதலில் நுழைத்து, வரும் கையை அப்புறம் நுழைத்து, அவராகவே போட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் அவரைக் குளிப்பாட்டும்போது இடது அக்குளில் தோல் வழன்றிருப்பதைப் பார்த்தேன். ஓவர்லாக் தையலின் மேடு உரசியிருக்கிறது. உணர்ச்சி இல்லாத பக்கம் என்பதால் அவருக்குத் தெரியவே இல்லை. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ குனிந்து அந்தப் புண்ணைப் பார்த்தாய். "இதை நான் யோசிக்கலீங்கம்மா. பீஸைத்தான் பாத்தேன், தோலைப் பாக்கலை" என்றாய். அடுத்த தடவை நீ கொண்டுவந்த ஏழு பனியன்களிலும் தையல் எல்லாம் வெளிப்பக்கம் இருந்தது, வழவழப்பு உள்பக்கம் இருந்தது.

உங்கள் செக்கிங் மேசையில் அதை வைத்தால் ஒரே நொடியில் ரிஜெக்ட் மூட்டைக்குப் போகும். அனுப்பர்பாளையத்திலிருந்து என் தம்பி, உன் பாத்திரக்கடை மாமா, பார்க்க வந்தவன், "ஏனுங்கக்கா, மச்சான் பனியனைத் திருப்பிப் போட்டிருக்கறாரு, கவனிக்கறதில்லீங்களா?" என்று என்னைக் கேட்டான். உன் அப்பா கட்டிலிலிருந்து சொன்னார்: "நான் சரியாத்தான் போட்டிருக்கறேன். திருப்பிப் போட்டிருக்கறது நீதான்." வாதம் வந்த பிறகு அவர் முழுசாகச் சொல்லி முடித்த மிக நீளமான வாக்கியம் அதுதான். சாகும் வரைக்கும் அந்த ஏழு பனியன்களைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார். ஒரு நாள்கூட என்னைப் போட்டுவிடச் சொன்னதில்லை.

அவர் போன பிறகு அவற்றில் ஐந்தைத் தரை துடைக்கும் துணியாக்கிவிட்டேன். முகம் சுளிக்காதே. நல்ல பருத்தி, தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறது. அப்படித் துடைத்துவிட்டுக் கொடியில் போட்டிருந்த ஒன்றைத்தான் சண்முகத்தாய் பார்த்தாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள், நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் நான்கு வருடமாகக் குடியிருக்கிறாள், ஓவர்லாக் டெய்லர். துணியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இதை வெட்டுனது? கைதேர்ந்த ஆளால்ல இருக்கு. இதைப் போய்த் தரை தொடைக்கிறீகளே" என்றாள். என் மகன் என்றேன். அந்த வார்த்தையைப் பேச்சைத் திருப்பாமல் நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் கொடிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். அவள் கணவர் மாடசாமி லாரியில் பண்டல் ஏற்றுகிறவர். நாற்பத்தாறு வயது. ஆறு மாதத்துக்கு முன்னால் வலது பக்கம் விழுந்துவிட்டது. இவள் காலையில் ஷிப்டுக்குப் போனால் திரும்பி வரும்வரை அந்த மனிதர் தோளில் ஒரு துண்டோடு அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். தெருமுனை டீக்கடை வரைக்கும் கம்பு ஊன்றி நடக்க முடிகிறது. ஆனால் போவதில்லை. "துண்டோட போனா எல்லாரும் எந்திரிச்சு எடம் விடுதாங்களாம். அவுகளுக்கு அது புடிக்கலை. சட்டை மாட்டி விடுதேன்னா அதுவும் வேண்டாம்ங்காக" என்றாள். தைக்க அவளுக்குத் தெரியும். வெட்ட ஒரு பேட்டர்ன் வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

அப்பாவின் பனியனுக்கு நீ வரைந்த பேப்பர் என்னிடம் பீரோவில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். உன் அப்பாவுக்கு மார்பு முப்பத்தாறு. மாடசாமிக்கு நாற்பத்திரண்டு. திறப்பு இடதுக்குப் பதில் வலதில் வேண்டும். அது கண்ணாடி பிம்பம், பேப்பரைப் புரட்டினால் போதும், அதில் நான் தவறவில்லை. மீதியைக் கணிதம் படித்தவள் செய்யவேண்டிய முறையில் செய்தேன். முப்பத்தாறை நாற்பத்திரண்டாக்க ஆறில் ஏழால் பெருக்கவேண்டும், அதாவது ஒவ்வொரு ஆறும் ஏழாகவேண்டும். எல்லாக் கோடுகளையும் அப்படியே பெருக்கி, அளவுகோல் வைத்துப் புதிய பேப்பரில் சுத்தமாக வரைந்து கொடுத்தேன். அறுபத்தாறு வயதில் அதை வரைந்து முடித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. சண்முகத்தாய் இரண்டு நாளில் தைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். மாடசாமியின் தோள் தையல் பாதிக் கைக்கு இறங்கியிருந்தது. கழுத்து ஒரு பக்கம் வழிந்து மார்பைக் காட்டியது. "டீச்சரம்மா, இது கழுத்தா கெணறா?" என்றாள் அவள். உள்ளேயிருந்து அந்த மனிதர் இழுத்து இழுத்துச் சொன்னார்: "நல்லாத்தான இருக்கு. காலையும் இதுலயே விட்டுக்கிடலாம்." மூவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு பெருக்கும்போது வயிறு ஓர் அளவில் பெருக்கிறது, தோள் வேறு அளவில், கழுத்து கிட்டத்தட்டப் பெருப்பதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பது எந்தச் சூத்திரத்திலும் இல்லை, உன் கையில்தான் இருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் வகுப்பிலும் நான் எல்லாப் பெண்களையும் ஒரே எண்ணால்தான் பெருக்கினேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. முதல் இரண்டு பெஞ்சுக்குப் பொருந்தியது. மற்றவர்களுக்குத் தோள் இறங்கியதா, கழுத்து வழிந்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கிணற்றுக் கழுத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். சிரிக்கும் பொம்மை மூன்று வந்தது. மறுநாள் போனில் கூப்பிட்டு, சைஸ் ஏற்றித் தரமுடியுமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஆல்ட்ரேஷன் வேலைங்கம்மா. யாராச்சும் டெய்லரைப் பாத்துக்கச் சொல்லுங்க. நான் அந்த லைனை விட்டே வந்துட்டேன். பெருசா, மனுசங்களுக்கு உபயோகமா ஏதாச்சும் பண்ணலாம்னு இருக்கறேன், நீங்க மறுபடியும் அங்கயே இழுக்கறீங்க" என்றாய். மனுசங்களுக்கு. மாடசாமி யார் என்று நினைத்தாய்? சென்ற வருடம் நீ சேர்ந்திருந்த சேவைக் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே நிறப் பனியன் போட்டுக்கொண்டு, இதே தெருவில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தது. பசித்தவருக்குச் சோறு கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பொட்டலத்தை நீட்ட ஒரு கை போதும், அது யார் கையாகவும் இருக்கலாம். நீ வராத வாரம் வேறொருவர் நீட்டினார், வாங்கியவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இந்தக் கழுத்தை வேறு யாராவது வரையமுடியுமா என்று பார்த்துவிட்டேன். சண்முகத்தாய் தன் கம்பெனி மாஸ்டரிடம் கேட்டாள். "இப்படி ஒரு ஸ்டைலே கெடையாதே" என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில் இருக்கும் சார்ட்டில் இரண்டு தோளும் ஒன்றாகத்தான் இருக்குமாம். தெருவுக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கும் ஊரில், தெருமுனைக்குப் போகப் பனியன் இல்லாத மனிதருக்கு ஒன்று வெட்ட ஆள் இல்லை. வெட்டத் தெரிந்த ஒரே ஆள் வாழ்வின் பொருளைத் தேடி மலைக்குப் போகப் பெட்டி கட்டுகிறான். எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

உன் சலிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. மூன்று வாரம் உயிரைக் கொடுத்து நீ வரைந்த ஸ்டைலை ஒரே வரி மெயிலில் வேண்டாம் என்று தள்ளினார்கள், அது உனக்கு வலித்தது என்று உன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ வெட்டியது யார் உடம்புக்குப் போகிறது என்று பதினாறு வருடமாக உனக்குத் தெரியவில்லை. பெட்டியில் கட்டி, ஊர் பேர் ஒட்டி அனுப்பிவிட்டால் முடிந்தது. போட்டுக்கொண்டவர் முகத்தைப் பார்க்காமல் இத்தனை வருடம் ஒரு வேலையைச் செய்தால் யாருக்கும் சலிக்கும். எனக்கும் சலித்தது, நான் சலிப்பை ஒழுங்கு என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டு ஓய்வு வரைக்கும் ஓட்டினேன். ஆனால் நோய் இதுவென்றால் மருந்து மலையில் இல்லை. போட்டுக்கொள்பவர் எதிரில் உட்கார்ந்தால் போதும். அப்பாவின் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்தாயே, அப்போது உனக்குச் சலித்ததா? புண்ணைப் பார்த்துவிட்டு, உன் தொழிலில் கற்ற ஒழுங்கு அத்தனையையும் புரட்டித் தையலை வெளியே வைத்தாயே, அந்த யோசனையை எந்த முகாமில் கற்றாய்? உனக்குள் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்கப் போவதாகச் சொல்கிறாய். என் கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது, வந்து பார்.

முகாமுக்குப் போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. உனக்கு முப்பத்தெட்டு வயது, என் சொல்லைக் கேட்டு நீ எதையும் நிறுத்தியதில்லை, பொறியியலைத் தவிர வேறெதையும் கேட்டுத் தொடங்கியதும் இல்லை. போ. மூச்சை அடக்கு, கண்ணை மூடு, என்ன சொல்கிறார்களோ செய். திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு பேப்பர் வேண்டும்.

அளவுகளைத் தனித்தாளில் எழுதி, இந்தக் கடிதம் அச்சுக்குப் போகும் முன்பே உன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். பீஸை மேசையில் போட்டு எடுத்த அளவுகள் அல்ல. நேற்றுச் சாயங்காலம் நானே போய் அவர் உடம்பில் எடுத்தவை. உட்கார்ந்தபடி ஒரு முறை, கம்பு ஊன்றி நின்றபடி ஒரு முறை. வலது தோள் இடதைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கிறது. வலது முழங்கை மடங்கியே நிற்கிறது, நீட்டினால் வலிக்கிறது. உணர்ச்சி எந்த இடத்திலிருந்து இல்லை என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டு, தோலில் பேனாவால் கோடு போட்டு, அதையும் குறித்திருக்கிறேன். தையல் அந்தக் கோட்டுக்குள் எங்கே வரக்கூடாது என்பது உனக்குத் தெரியும். கழுத்துச் சுற்றளவை மூன்று முறை எடுத்தேன், இந்த முறை எதையும் எதாலும் பெருக்கவில்லை. நான் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது அந்த மனிதர், செக்கிங் மேசையில் பீஸைத் தரம் பிரிப்பதுபோல, "டீச்சரம்மா, நான் பாஸா, ஆல்டரா, ரிஜெக்ட்டா?" என்று கேட்டார். "சும்மா கெடங்க, டீச்சரம்மாகிட்டப் போயி" என்று சண்முகத்தாய் அதட்டினாள். "அது என் வேலை இல்லீங்க. மாஸ்டர் பாத்துச் சொல்லுவாரு" என்றேன். "மாஸ்டர் எப்ப வருவாக?" என்றார். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ வந்து அவர் எதிரில் உட்கார்ந்தால் நல்லது. வராவிட்டால் வரைந்து கொடுத்தனுப்பு. என் மேல் கோபம் வந்தால் அதை முகாமில் போய் அடக்கிக்கொள். இதற்குப் பதிலாகக் கடிதம் எதுவும் வேண்டாம், பிரவுன் பேப்பர் போதும். கழுத்தை முதலில் வரை.

உன் அம்மா